சொம்புக்கு எதுக்கு நாடா

இப்போதெல்லாம் பேங்க் வரிசையில் உட்கார்ந்தாலும் சரி, டாக்டர் கூப்பிடுவார் என்று காத்திருந்தாலும் சரி, என் வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஐம்பதை நெருங்குகிற பொம்பளை இப்படிக் கால் ஆட்டலாமா என்று கேட்கிற பார்வை. பார்த்தால் பார்க்கட்டும். என் செட்டுக்காரர்களான உங்களுக்குப் புரியும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதுகூடப் பொய். இதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாயிற்று.

நம்மில் சிலர் காலில் சக்கரத்தோடு பிறந்தோம். கால் ஆட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மா என் முழங்காலில் பட்டென்று ஒன்று வைப்பாள். ஆட்டம் நிற்கும். அவள் அந்தப் பக்கம் திரும்பினதும் மறுபடி ஆரம்பிக்கும். சாப்பிடும்போது ஆட்டம், படிக்கும்போது ஆட்டம், தலை வாரிவிடும்போது ஆட்டம். வாரக்கடைசியில் அம்மாவின் கைதான் வலிக்கும்.

அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு பருவத்தில் மட்டும் ஓரிடத்தில் உட்கார்ந்தேன். கார்த்திகையில் தொடங்கித் தை பிறப்பதற்குள் முடிந்துபோன பருவம் அது. திருவண்ணாமலை தனி மாவட்டமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்கு வேலூரிலிருந்து புதுக் கலெக்டர் ஆபீசுக்கு மாற்றலாகி, பேய்க் கோபுரத்துப் பக்கம் ஒரு சந்தில் குடிவந்திருந்தோம். நான் ஏழாவது படித்தேன். வாசலில் நின்றால் மலை தலைக்கு மேலேயே நிற்கும்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் அக்கா வந்தாள். எனக்குப் பத்து வயது மூத்தவள். ஏழாம் மாசம். வளைகாப்பு முடிந்து இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கியிருந்தது. வண்டியிலிருந்து இறக்கி நேராக உள் அறைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தினார் அப்பா. பாத்ரூம் போவதைத் தவிர எதற்கும் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாளாம். காரணம் இருந்தது. முந்தின வருஷம் அக்காவுக்கு ஆறாம் மாசமே பிள்ளை தங்காமல் போய்விட்டது. அந்தத் தடவை மாமியார் வீட்டில் ஆசைப்பட்டு ஒரு மரத்தொட்டிலை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்கள். தொட்டிலால்தான் போச்சு என்று எங்கள் சொந்தத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் நம்பினார்கள்.

உங்கள் வீடுகளிலும் இப்படித்தானே? பிறக்கப் போகிற பிள்ளைக்கு முன்னாலேயே எதையும் வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது, பெயர் யோசிக்கக் கூடாது. அப்பாவின் பழைய வேட்டிகளை அம்மா வெந்நீரில் அலசி, கிழித்து, மடித்து, பையில் போட்டு வைத்தாள். அது எதுக்கும்மா என்று கேட்டதற்கு, பழந்துணி, அவ்வளவுதான் என்றாள். பிள்ளை என்ற வார்த்தையே அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. ஆஸ்பத்திரி என்றுகூடச் சொல்லாமல் "அங்க போறப்ப" என்பார்கள்.

படுத்தே கிடந்து அக்காவுக்குப் பைத்தியம் பிடித்தது. அவள் விரல் சும்மா இருக்காது. போர்வை நுனியைப் பிரித்துப் பிரித்து முடிச்சுப் போடுவாள், வளையலை எண்ணுவாள், எண்ணிக்கை விட்டுப்போனால் மறுபடி எண்ணுவாள். நான் ஓடிவந்து ஊர்க்கதையை அவசர அவசரமாகச் சொல்லிவிட்டு ஓடிப்போவேன். ஆடுகிற ஒருத்தி, அசையக் கூடாத ஒருத்தி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வகுப்பில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். அவள் அப்பா பட்டாளத்திலிருந்து ரிட்டயர்டாகி வந்தவர். வடக்கே எங்கெங்கோ குளிர்ப் பிரதேசங்களில் வளர்ந்திருந்தாள். டெஸ்க்குக்கு அடியில், டீச்சருக்குத் தெரியாமல், இரண்டு நீள ஊசியை வைத்துக்கொண்டு என்னமோ பின்னிக்கொண்டே இருப்பாள். பார்வை கரும்பலகையில் இருக்கும், கை மட்டும் அதுபாட்டுக்குப் போகும். உடம்பு ஆடாமல் விரல் மட்டும் ஓடுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கென்றே கண்டுபிடித்த வேலை மாதிரி இருந்தது.

ஊசியைத் தர மாட்டேன், அம்மா தோலை உரிச்சிடுவாங்க என்றாள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு புதுப் பென்சிலையும் கொஞ்சம் மிச்ச நூலையும் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். பென்சிலில் வரிசையாகச் சுருக்குப் போட வேண்டும். ஒவ்வொரு சுருக்கும் ஒரு கண்ணி. அந்தக் கண்ணிக்குள் இன்னொரு பென்சிலை விட்டு, நூலைச் சுற்றி வெளியே இழுத்தால் புதுக் கண்ணி. நூல் ஊசிக்குப் பின்னால் நின்றால் அது சீதா. முன்னால் நின்றால் அது உல்டா. இவ்வளவுதான் உலகத்தில் இருக்கிற எல்லா ஸ்வெட்டரும் என்றாள். வடக்கே அப்படித்தான் சொல்வார்களாம். உல்டா எங்கள் ஊருக்குத் தெரியாத வார்த்தையா என்ன, ஜாஸ்தி கம்மி மாதிரி அதுவும் எங்கள் வாயில் புழங்குவதுதான். சீதாதான் புதுசு, நேர் என்று அர்த்தமாம்.

வீட்டில் மூலையில் உட்கார்ந்து இரண்டு சீதா, இரண்டு உல்டா என்று முணுமுணுத்தபடி இருந்தேன். அரைமணி நேரமாக நான் ஒரே இடத்தில் இருப்பதைப் பார்த்து அம்மா பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அப்புறம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அண்ணாமலையார் காலடியில் குடியிருந்துகொண்டு இவள் சீதையைக் கூப்பிடுகிறாள் பார் என்று பக்கத்து வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னாளாம். அக்கா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. சிரிக்காதடி, சிரிக்காதடி என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், தன் வயிற்றை அல்ல, அக்கா வயிற்றை.

பென்சில் ஒரு நாளைக்குத்தான் தாங்கியது. சாயம் நூலில் ஒட்டியது. ஊசி தேட ஆரம்பித்தேன். இந்த ஊர் வெயிலில் யார் ஸ்வெட்டர் போடுவார்கள், எந்தக் கடையிலும் ஊசி இல்லை. சைக்கிள் கடைக்காரர் பழைய ஸ்போக்ஸ் கம்பி இரண்டை வெட்டி, முனையை அரத்தில் ராவிக் கொடுத்தார். கம்பி ரொம்ப ஒல்லி. பின்னினது தேங்காய் நார் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இது பாத்திரம் தேய்க்கவா என்று கேட்டாள். ஊசி தடிமனாக இருந்தால்தான் கண்ணி பெரிசாகும், கண்ணி பெரிசானால்தான் துணி மெத்தென்று இருக்கும் என்று பட்டாளத்தார் மகள் அப்புறம் சொன்னாள். முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று அவளோடு ஒரு நாள் பேசாமல் இருந்தேன்.

தென்னந்துடைப்பத்தின் ஈர்க்கு வளைந்தது. ஊதுவத்திக் குச்சி ஒடிந்தது. தீபம் முடிந்த மறுநாள் காலையில்தான் சரியான ஊசி கிடைத்தது. மலை சுற்றும் பாதையில் ஜனம் போனபிறகு கிடப்பவற்றை உங்களுக்குத் தெரியும். ஒற்றைச் செருப்பு, வாழையிலை, பொரி, பலூன் தோல், அதோடு பிள்ளைகள் பிடித்துக்கொண்டு போய்த் தூக்கிப்போட்ட காகிதக் காத்தாடிகள். காகிதம் கிழிந்திருந்தாலும் மூங்கில் குச்சி நன்றாக இருந்தது. அடி அண்ணாமலை வரைக்கும் போய், ஒரே தடிமனில் இரண்டு தேடி எடுத்தேன். பென்சில் சீவுகிற ஷார்ப்னரில் முனையைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, மெழுகுவர்த்தியால் இழைத்தேன். கண்ணி நழுவி விழாமல் இருக்க அடிப்பக்கத்தில் சைக்கிள் வால்வு டியூபைச் சுற்றினேன். எஃகு ஊசி வழுக்கும், மூங்கில் வழுக்காது. பழகுகிறவளுக்கு மூங்கில்தான் நல்லது. இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, என் கண்ணி பத்துத் தடவை விழுந்து சொல்லித் தந்தது.

ஊசியைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். தடவிப் பார்த்தாள். அம்மா அடுப்படியில் இருக்கிறாளா என்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என் காதருகே மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு குல்லா பின்னுடி. சின்னதா."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் கையில் திணித்தாள்.

நூல் வாங்குவது இன்னொரு கூத்து. தேரடிப் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் உல்லன் நூல் இருந்தது. வாசல் தோரணம் செய்கிறவர்கள் வாங்குவார்கள். பத்துப் பன்னிரண்டு கலரில் தொங்கியது. எது வேணும் என்று கடைக்காரர் கேட்டார். தெரியாது, கட்டிலில் படுத்திருப்பவளைக் கேட்க வேண்டும் என்றேன். என்ன நினைத்தாரோ, ஒவ்வொன்றிலும் ஒரு விரல் நீளம் வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

நூலுக்கு மூன்று சோதனை உண்டு என்று பட்டாளத்தார் மகள் சொல்லியிருந்தாள். முதலில் வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்த வேண்டும். சிவப்பும் நீலமும் அங்கேயே தோற்றன. இரண்டாவது, நுனியைக் கொளுத்த வேண்டும். நிஜக் கம்பளியாக இருந்தால் முடி கருகுகிற நாற்றம் வரும், இல்லாவிட்டால் உருகி மணியாக உருளும். எல்லாமே உருகி உருண்டன. தோரணத்துக்கு விற்கிற நூல் வேறெப்படி இருக்கும். கடைசியாக, கழுத்தில் காதுக்குக் கீழே தேய்க்க வேண்டும். குத்தினால் வேண்டாம்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழுத்தில் தேய்த்தாள். ஒன்றை ரொம்ப நேரம் வைத்திருந்தாள். அப்புறம் சேலையை விலக்கி, வயிற்றின் மேல் அதை வைத்தாள். இதுதான் என்றாள். மாம்பழக் கலர்.

அளவுதான் தெரியவில்லை. பிறக்காத தலைக்கு அளவு எடுப்பது எப்படி? அக்கா யோசித்துவிட்டு, தன் தலைமாட்டில் இருந்த பித்தளைச் சொம்பைக் காட்டினாள். கழுத்துக்குக் கீழே உருண்டையாக இருக்குமே, அந்த அளவுதான் இருக்கும் என்றாள். நூலைச் சொம்பைச் சுற்றி அளந்தோம். அறுபது கண்ணி. முதல் பத்து வரிசைக்கு இரண்டு சீதா இரண்டு உல்டா, அப்போதுதான் பட்டை இழுத்துப் பிடிக்கும். அதற்கப்புறம் ஒரு வரிசை முழுக்கச் சீதா, அடுத்த வரிசை முழுக்க உல்டா. ஒன்பது நாள் ஆனது. பாதியில் இரண்டு கண்ணி விழுந்து, ஓட்டை தெரிந்து, மறுபடி பிரித்தது உட்பட. உச்சியில் எல்லாக் கண்ணியையும் ஒரே நூலில் கோர்த்துச் சுருக்கிப் பக்கவாட்டில் தைத்தேன்.

என்னடி அது என்று அம்மா கேட்டபோது நான் முழிப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். சொம்புக் கவர் என்றாள். டிவிக்குக் கவர், ரேடியோவுக்குக் கவர், எல்லாவற்றுக்கும் கவர் போட்ட காலம் அது. அம்மா அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். சொம்பைக் கவிழ்த்து அதன் மேல் மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. உட்காராமல் என்ன, அதற்குத்தானே அளவெடுத்தோம். முன் அறை ஸ்டூலில் வைத்துவிட்டாள். இரண்டு நாள் வந்தவர் போனவர் எல்லாம் பார்த்தார்கள். சின்னவ செஞ்சது என்று அம்மா சொல்லும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். மூன்றாம் நாள் அக்காவுக்கு ஒரு யோசனை. காற்று அடித்தால் நழுவிவிடும், இரண்டு பக்கமும் நாடா வை என்றாள். நானும் மிச்ச நூலைச் சடை மாதிரி மூன்று புரியாகப் பின்னி, காதுக்கு வருகிற இடத்தில் இரண்டு நாடா தைத்தேன். மறுபடி சொம்பில் மாட்டி வைத்தேன்.

அன்று சாயங்காலம் அடி அண்ணாமலையிலிருந்து பெரியம்மா வந்தாள். அம்மாவின் அக்கா. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் எதெது இடம் மாறியிருக்கிறது என்று முதலில் பார்க்கிறவள். காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலையே பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சொம்புக்கு எதுக்குடி நாடா?"

பெரியம்மா எழுந்து போய் அதைக் கழற்றி, நாடாவைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். அது அப்போது குல்லாவாக மட்டும்தான் தெரிந்தது. அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருக்குடி இது? யார் சொல்லிப் பின்னின?" பெரியம்மா என்னைக் கேட்டாள்.

நான் உள் அறையைப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வளையல் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். நானாத்தான் பின்னினேன் என்றேன். பெரியம்மா தொட்டில் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். ஒரு தடவை பட்டும் புத்தி வரலையா, இன்னும் எத்தனை காவு குடுக்கணும் என்றாள். அம்மா எழுந்து வந்தாள். குல்லாவை என் மடியில் போட்டாள்.

"பிரி."

ஒன்பது நாள் பின்னியது பெரியம்மாவின் காப்பி ஆறுவதற்குள் பிரிந்துவிட்டது. முடிச்சை அவிழ்த்து நுனியை இழுத்தால் போதும், கண்ணி கண்ணியாகக் கழன்று ஓடிவரும். பொடிமழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். நூல் நேராக நிற்காமல் சுருண்டு சுருண்டு என் காலைச் சுற்றி விழுந்தது. அம்மா அதை உருண்டையாகச் சுற்றி எடுத்துக்கொண்டு, ஊசிகளையும் பிடுங்கிக்கொண்டு போனாள். அடுப்பில் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். பெரியம்மா உப்பும் மிளகாயும் எடுத்து அக்காவுக்குத் திருஷ்டி சுற்றினாள்.

எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை. அம்மா மேல் கோபம், பெரியம்மா மேல் கோபம், எல்லாரையும்விட அக்கா மேல் கோபம். மிச்ச மார்கழி முழுக்க நான் வீடு தங்கவில்லை. காலையில் பனி மூடி மலையே தெரியாது, அந்நேரத்துக்கே எழுந்து தெருத்தெருவாக ஓடினேன். கோபுரத்துப் புறாவைத் துரத்தினேன். பள்ளிக்கூடத்தில் கால் ஆட்டி ஆட்டி டெஸ்க் ஆணி கழன்றுவிட்டது. பட்டாளத்தார் மகள் தன் எஃகு ஊசியையே நீட்டி, இந்தா பின்னு என்றாள். நான் தொடவில்லை.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் இருக்கையிலேயே, அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விடிகிற நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. எடை ரொம்பக் கம்மி. காலையில் அப்பா என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வராந்தாவில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், நல்லா பின்னினடி என்றாள். தொட்டில் மாதிரி இப்போது குல்லா என்று அர்த்தம். பன்னிரண்டு வயதில் நான் அதை அப்படியே நம்பினேன். உள்ளே ஒரு பிள்ளை சாகப்போகிறது, என் கையால் சாகப்போகிறது என்று நம்பினேன். சுவரோரமாக நின்று என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து விரலையும் எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வர முடிந்தால் போட்டிருப்பேன்.

நர்ஸம்மா வெளியே வந்து, பிள்ளைக்குத் தலைதான் சில்லென்று இருக்கிறது, உடம்புச் சூடெல்லாம் தலை வழியாகப் போய்விடும், குல்லா ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றாள். அப்பா ஓடிப்போய்க் கடையில் ஒரு குல்லா வாங்கிவந்தார். அதைப் போட்டதும் பிள்ளையின் கழுத்துவரை இறங்கி முகத்தையே மூடிவிட்டதாம். நர்ஸம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாள். பழந்துணியைத் தலையில் சுற்றினார்கள், அது நிற்காமல் அவிழ்ந்து அவிழ்ந்து வந்தது.

அம்மா வார்டிலிருந்து வெளியே வந்தாள். பெரியம்மாவைப் பார்த்து, வீட்டுக்குப் போய் வெந்நீர் வெச்சு எடுத்துட்டு வா அக்கா என்று அனுப்பினாள். அவள் படியிறங்கிப் போகும்வரை நின்று பார்த்தாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, பழந்துணிப் பையை மடியில் வைத்து, அடிவரைக்கும் கையை விட்டாள்.

மாம்பழக் கலர் உருண்டை வந்தது. காத்தாடிக் குச்சி இரண்டும் வந்தது. வால்வு டியூப் கழன்றுவிடாமல் அதன் மேல் ஒரு நூல்கூடச் சுற்றியிருந்தாள்.

"அந்தச் சொம்புக் கவர மறுபடி பின்ன எவ்ளோ நேரமாகும்?"

நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, வார்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளா என்று கேட்டாள். இல்லை, எழுந்திருக்காமல் பின்னினால் சாயங்காலத்துக்குள் முடியும் என்றேன்.

"பெரிய சொம்பு வேணாம்." இரண்டு கையையும் குவித்துக் காட்டினாள். "சின்னச் சொம்பு."

நாற்பத்தெட்டுக் கண்ணி போட்டேன்.

பிரித்த நூலில் பின்னுவது கஷ்டம். பழைய சுருள் எதுவும் மறந்துபோகாமல் அப்படியே இருக்கும், புதுக் கண்ணியை ஒரு பக்கமாக இழுக்கும். அம்மா உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு, நூலை விரலால் நீவி நீவி நேராக்கி எனக்கு விட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உருண்டையை எடுத்துக்கொள்வாள். ஸ்டூலில் வெச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும் என்றாள் ஒரு தடவை. எங்கேயாவது சொம்புக்குக் குல்லா போடுவாங்களா, சொம்புன்னு சொல்லிக்கிட்டு இருக்கிற வரைக்கும் சொம்புதானே என்று நானும் விட்டுட்டேன். பெரியம்மா வாயைத் திறந்து கேட்டுட்டா, அப்புறம் பிரிக்காம என்ன பண்றது என்றாள். இன்னொரு தடவை, நான் கேட்காமலேயே, உங்கக்கா கேக்காம நீ பின்னியிருக்க மாட்டேன்னும் எனக்குத் தெரியும் என்றாள். அவ பயந்துட்டா, அவள வெச்சுக்கிட்டு நான் அன்னிக்கு என்ன பேசறது என்றாள். எனக்கு அழுகை வந்தது. கண்ணீர் விழுந்தால் எண்ணிக்கை தப்பும் என்று அடக்கிக்கொண்டு சீதா, சீதா, உல்டா, உல்டா என்று எண்ணினேன்.

பெரியம்மா வெந்நீர் பிளாஸ்க்கோடு வந்தாள். பார்த்தாள். அம்மா தலையை நிமிர்த்தி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பெரியம்மா பிளாஸ்க்கை வைத்துவிட்டு அந்தக் கோடி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

சும்மா உங்களைப் பதற வைக்க எனக்கு இஷ்டமில்லை, நான் பதறினது போதும். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிள்ளை பிழைத்துவிட்டது. டாக்டர் பிழைக்க வைத்தார், நர்ஸம்மா பிழைக்க வைத்தாள், அக்காவின் பால் பிழைக்க வைத்தது. குல்லா கொஞ்சம் சூடு தந்திருக்கும், அவ்வளவுதான். அதற்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது இப்போது. வீட்டில் எல்லாரும் கூப்பிடுவது சொம்பு என்றுதான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொம்பு என்றால் ஜால்ரா என்று வேறு அர்த்தம் வைத்திருக்கிறார்களாம், ஆபீஸ்காரர்கள் முன்னால் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று எனக்குக் கட்டளை. அக்கா அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பின கதையை இன்றுவரை பேசியதில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணி இருக்கும். உச்சியைச் சுருக்கி, பக்கத்தைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். போதுமா என்று கேட்டேன். அம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒரு எலுமிச்சம்பழத்துக்குப் போடுகிற அளவில் இருந்ததாக எனக்கு ஞாபகம், அவ்வளவு சின்னதாக இருந்திருக்காது.

"நாடா வை" என்றாள்.

மிச்சமிருந்த நூலில் இரண்டு நாடா பின்னித் தைத்தேன். அம்மா அதை எடுத்துக்கொண்டு வார்டு வாசலில் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன். நர்ஸம்மா வந்தாள், அசதியாக இருந்தாள், பிள்ளைக்கா என்று கேட்டபடி கையை நீட்டினாள். அம்மாவுக்கு அந்த வார்த்தை அப்போதும் வரவில்லை.

"சொம்புக்குங்க."

நர்ஸம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. குல்லாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாடாவை விரலால் தூக்கினாள்.

"சொம்புக்கு எதுக்கும்மா நாடா?"

"நழுவிடக் கூடாதுங்க" என்றாள் அம்மா.

நர்ஸம்மா குல்லாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். காலையிலிருந்து அசையாமல் இருந்த என் கால் அப்போதுதான் ஆட ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. அம்மா கையைக் கொண்டுவந்து என் முழங்காலில் வைத்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது அவள் காலும் ஆடிக்கொண்டிருந்தது.